மூன்று மருமகன்மார் காருக்கு வெளிச்சம் கூட்டிய கதை

புளியங்காட்டூரில் பொன்னுலிங்கம் என்று ஒருவர் இருந்தார். பருத்திக் கமிஷன் கடை, ஒரு பழைய வெள்ளைக் கார், நாலு பெண்கள். முதல் மூன்று பெண்களுக்கும் அவர் தேடித் தேடி மாப்பிள்ளை பிடித்தார். ஜாதகம் பார்த்தார், நிலபுலன் பார்த்தார், பல்வரிசைகூடப் பார்த்தார். மண்டைக்குள் என்ன இருக்கிறது என்று மட்டும் தட்டிப் பார்க்கவில்லை.

மூத்த மருமகன் ஆவுடையப்பன். லைசென்ஸும் மூக்குக்கண்ணாடியும் அவர் ஒருவரிடம்தான் இருந்தன என்பதால் அவரே தலைவர். நடு மருமகன் நம்பிராஜன். யார் என்ன சொன்னாலும் ஓர் எழுத்து மாறாமல் அப்படியே செய்து முடிப்பவர். மூன்றாமவர் குத்தாலிங்கம் காரணம் கண்டுபிடிப்பவர். ஒரு காரியம் ஏன் கெட்டது என்பதற்கு அவரிடம் எப்போதும் ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணத்தை நம்பி அடுத்த காரியமும் கெடும். தனித்தனியாகப் பார்த்தால் மூவரும் எந்த ஊரிலும் கிடைக்கிற சாதாரண முட்டாள்கள்தான். மூவரும் சேர்ந்தால்தான் ஊருக்கு ஆபத்து.

நாலாவது மகள் கோமதிக்கு அதற்குள் இரண்டு வரன்கள் தட்டிப்போயிருந்தன. இரண்டும் இந்த மருமகன்மார் வரவேற்ற வரன்கள். போன தடவை வந்தவர்களுக்குக் கைகால் கழுவத் தண்ணீர் விடச் சொன்னதற்கு, தோட்டத்து மோட்டார் குழாயை இழுத்துவந்து திறந்துவிட்டார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் ஈரத்தோடு ஊர் திரும்பினார்கள். இப்போது மூன்றாவது வரன். வேலாயுதம் என்பவரும் அவர் மகன் கைலாசமும் சாயங்கால ரயிலில் வந்து, இரவு தங்கி, காலையில் தாம்பூலம் மாற்றுவதாக ஏற்பாடு. அவர்களை ஸ்டேஷனிலிருந்து காரில் அழைத்துவர வேண்டும்.

காரின் முன்விளக்குகள் எரியும். எரிகின்றன என்பதை இறங்கிப் போய்ப் பார்த்தால்தான் தெரியும். அந்த வெளிச்சத்தை நம்பி, முந்தின வாரம் பொழுது சாய்ந்த நேரத்தில் ஓட்டிவந்த பொன்னுலிங்கம், குளத்தங்கரைத் திருப்பத்தை நேர்ரோடு என்று எண்ணிச் சரிவில் இறக்கிவிட்டார். கார் பிழைத்தது, அவர் காலில் மாவுக்கட்டு. கட்டிலில் கிடந்தபடியே மருமகன்மாரைக் கூப்பிட்டு, லைட்டுக்கு வெளிச்சம் கூட்டாமல் வண்டியை எடுக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்.

கோமதி வாசல்வரை வந்து ஆவுடையப்பனைத் தனியே நிறுத்தினாள். "அத்தான், வண்டியைச் செல்லையா ஒர்க் ஷாப்ல விட்டுட்டு, மூணு பேரும் டீக்கடையில உக்காந்திருங்க. நீங்க கையை வைக்க வேண்டாம். இந்தத் தடவையும் தட்டிப்போச்சுன்னா எனக்கு இந்த ஜில்லாவுல மாப்பிள்ளை கிடையாது."

ஆவுடையப்பனுக்கு மனசு நொந்துவிட்டது. வீட்டு மாப்பிள்ளைகள் மூன்று பேர் கல்லுக்குண்டு மாதிரி இருக்கும்போது வெளியாள் கை வைப்பதா என்று வழிநெடுகக் கேட்டுக்கொண்டு போனார். மற்ற இருவரும் கூடாது கூடாது என்று சொல்லிக்கொண்டு போனார்கள்.

மெக்கானிக் செல்லையா ஒரு லாரிக்கு அடியில் கிடந்தார். வெளியே தெரிந்தது அவர் பாதம் இரண்டுதான். மூவரும் அந்தப் பாதங்களுக்கு வணக்கம் சொல்லி, வேலையைத் தாங்களே செய்வதாகவும் யோசனை மட்டும் போதும் என்றும் கேட்டுக்கொண்டார்கள். செல்லையாவுக்கும் அதுதான் வசதி. லாரிக்கு அடியிலிருந்தே சொன்னார்: "ரெண்டு கண்ணாடியும் மஞ்சப் பூத்துக் கிடக்கும். உப்புத்தாளைத் தண்ணியில நனைச்சு நல்லாத் தேயுங்க. ரெண்டு பல்பையும் மாத்திப் போடுங்க. சுவத்துக்கு முன்னால வண்டியை நிறுத்தி வெளிச்சம் நேரா விழுதான்னு பாருங்க. ரோட்டுல எதிர்த்தாப்புல வண்டி வந்தா லைட்டை இறக்கிருங்க, வாரவன் கண்ணு கூசும்."

நம்பிராஜன் பாதங்களைப் பார்த்துத் தலையாட்டி, அத்தனையையும் மனப்பாடம் செய்துகொண்டார்.

வீட்டுக்கு வந்து உப்புத்தாளை நனைத்துக் கையில் எடுத்தபோதுதான் முதல் சிக்கல் வந்தது. எந்தக் கண்ணாடியைத் தேய்ப்பது? காரைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

"ரெண்டு கண்ணாடின்னு சொன்னாருல்லா?" என்றார் நம்பிராஜன். "முன்னால பெருசா இருக்கது ஒண்ணுதான். பக்கத்துல நாலு. பின்னால ஒண்ணு. ரெண்டா எங்கேயும் இல்லையே."

"லைட்டுக்கு மேல மூடியிருக்கே, அது?" என்று ஆவுடையப்பன் கேட்டார்.

குத்தாலிங்கம் விரலால் தட்டிப் பார்த்தார். "இது பிளாஸ்டிக்கு அண்ணாச்சி. கண்ணாடியே கிடையாது."

மூவரும் யோசித்தார்கள். யோசித்துக்கொண்டே நிமிர்ந்த நம்பிராஜனின் பார்வை ஆவுடையப்பனின் முகத்தில் விழுந்தது. அங்கே இரண்டு கண்ணாடிகள் பக்கம் பக்கமாக இருந்தன. வண்டி ஓட்டப் போகிறவரும் அவர்தான். செல்லையா எவ்வளவு பெரிய மெக்கானிக் என்பது அப்போதுதான் மூவருக்கும் விளங்கியது. லாரிக்கு அடியில் படுத்துக்கொண்டே, அண்ணாச்சியின் முகத்தைப் பார்க்காமலே கண்டுபிடித்துவிட்டாரே.

மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, இருபுறமும் மாறி மாறித் தேய்த்தார்கள். வெள்ளையாக மாவு வந்தது. அழுக்குதான் வருகிறது என்று சந்தோஷப்பட்டார்கள். ஆவுடையப்பன் அதை மாட்டிக்கொண்டு தெருவைப் பார்த்தார். தெரு மார்கழிப் பனியில் கிடப்பதுபோல இருந்தது. எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, குளுகுளுவென்று இருக்கிறது என்றார்.

அடுத்தது பல்பு. மாற்றிப் போடச் சொன்னதால் இடதுபக்கப் பல்பை வலதுபக்கமும் வலதுபக்கப் பல்பை இடதுபக்கமும் மாட்டினார்கள். இது சுலபமாக முடிந்திருக்கும். ஆனால் காருக்குள் உட்கார்ந்திருந்த ஆவுடையப்பனுக்கு இடது எதுவோ அது எதிரே நின்ற நம்பிராஜனுக்கு வலது. மாற்றியாகிவிட்டது என்று ஒருவரும் இன்னும் மாறவில்லை என்று ஒருவரும் சொல்ல, பல்புகள் இங்குமங்குமாகப் பல தடவை போய்வந்தன. கடைசியில் மூவரும் காருக்கு ஒரே பக்கமாக வந்து நின்றுகொண்ட பிறகே சண்டை ஓய்ந்தது. அப்போது பல்புகள் எந்தப் பக்கம் இருந்தன என்று கேட்காதீர்கள். பழைய இடத்தில்தான்.

பொழுது சாய்ந்ததும் காரை அடுத்த வீட்டுச் சுண்ணாம்புச் சுவருக்கு முன்னால் நிறுத்தி லைட்டைப் போட்டார்கள். சுவரில் இரண்டு தோசை அளவுக்கு வெளிச்சம் விழுந்தது. ஆவுடையப்பனின் பனிமூட்டத்தில்கூட அது தெரிந்தது. மூவரும் கைகுலுக்கிக்கொண்டு புறப்பட்டார்கள். ரயில் வரும் நேரமும் ஆகியிருந்தது.

தெரு முடியும்வரை ஒரு குறையுமில்லை. ஊரைத் தாண்டியதும் வெளிச்சம் காணாமல் போனது. ஆவுடையப்பன் காரை நிறுத்திவிட்டார். இறங்கிப் பார்த்தால் லைட்டு எரிகிறது. ஏறி உட்கார்ந்தால் முன்னால் ஒன்றும் தெரியவில்லை. மாமனார் மாவுக்கட்டோடு கிடப்பது ஞாபகத்துக்கு வர, மேற்கொண்டு ஓட்டமாட்டேன் என்றுவிட்டார்.

குத்தாலிங்கம் வெகுநேரம் இருட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார்: "அண்ணாச்சி, லைட்டுல குத்தம் இல்லை. ஊருக்குள்ள சுவர் இருந்துச்சு, வெளிச்சம் இருந்துச்சு. இங்க சுவர் இல்லை. வெளிச்சம் வந்து எதுல உக்காரும்?"

அந்த இருட்டில் அது பெரிய உண்மையாகப் பட்டது. ரோடு நெடுகச் சுவர் கட்ட நேரமில்லை என்று ஆவுடையப்பன் வருந்தினார். அதற்குள் குத்தாலிங்கம் தன் வெள்ளை வேட்டியை அவிழ்த்துவிட்டார். அவரும் நம்பிராஜனும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, காருக்கு முன்னால் திரைபோல விரித்துக்கொண்டு நடந்தார்கள். வெளிச்சம் வேட்டியில் வந்து உட்கார்ந்தது. ஆவுடையப்பன் அதைப் பின்தொடர்ந்து நிம்மதியாக ஓட்டினார். வேட்டிக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பது ஓட்டுகிறவருக்குத் தெரியாது. நடக்கிறவர்களும் வேட்டி சுருங்காமல் இருக்கிறதா என்று அதையே பார்த்துக்கொண்டு போனார்கள். இடையிடையே மாமனார் போனில் கூப்பிட்டார். வந்துகொண்டே இருக்கிறோம் மாமா என்று ஆவுடையப்பன் சொன்னார். அதில் பொய்யே இல்லை.

பாதி வழியில் எதிரே ஒரு லாரி வந்தது. நம்பிராஜன் வேட்டியை விட்டுவிட்டுக் கத்தினார்: "அண்ணாச்சி, லைட்டை இறக்கணும்."

மூவரும் ஸ்பேனரும் ஸ்குரு டிரைவருமாகப் பாய்ந்து, முன்விளக்குகளைக் கழற்றி இறக்கினார்கள். லாரிக்காரர் விபத்து என்று பயந்து, வண்டியை ஓரம் நிறுத்திவிட்டு ஓடிவந்தார். ரோட்டோரத்தில் ஒருவர் வேட்டியில்லாமல் உட்கார்ந்திருக்கிறார். இன்னும் இருவர் மடியில் ஆளுக்கொரு முன்விளக்கு இருக்கிறது. யாருக்கு அடி, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமா என்று பதறிக்கொண்டு கேட்டார்.

"எங்களை விடுங்க," என்றார் நம்பிராஜன் கனிவோடு. "உங்க கண்ணு கூசலையே?"

லாரிக்காரர் அவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டுப் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனார். விளக்குகளை மறுபடி மாட்டுவதற்குள் ஒரு பால்வண்டி வந்தது. அப்புறம் ஒரு டிராக்டர். அந்த ரோட்டில் அவ்வளவு போக்குவரத்து உண்டு என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஸ்டேஷனில் வேலாயுதமும் மகனும் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தார்கள். வேலாயுதத்தை எழுப்பியது வேட்டியில்லாத குத்தாலிங்கம். வேட்டி எங்கே என்று அவர் கோபத்தோடு கேட்டார். காருக்கு முன்னால் இருக்கிறது என்று பதில் வந்தது. திரும்பும் வழியில் அந்த வேட்டி எதற்கு என்று கண்ணால் கண்டதும், வேண்டாம், நானே ஓட்டுகிறேன் என்று எவ்வளவோ கெஞ்சினார். லைசென்ஸ் இல்லாமல் தரமுடியாது என்று ஆவுடையப்பன் சட்டம் பேசினார். வேலாயுதம் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பின்சீட்டில் சாய்ந்துவிட்டார். பையன் கைலாசம் மட்டும் முன்னால் போகிற வேட்டியையே பார்த்துக்கொண்டு வந்தான்.

புளியங்காட்டூர் குளத்தங்கரையை அடைந்தபோது கிழக்கு வெளுத்தது. முதலில் வேட்டிக்கு அப்பால் ஒரு பனைமரம் தெரிந்தது. பிறகு கரை, வயல், அப்பால் கோயில், அதற்கும் அப்பால் மலை. ஆவுடையப்பனின் பனிமூட்டமே பளபளவென்று ஆகிவிட்டது. காரை நிறுத்தி இறங்கினார். மற்ற இருவரும் வேட்டியைக் கீழே போட்டுவிட்டார்கள்.

"பல்பு இப்பத்தான் சூடேறியிருக்கு," என்றார் குத்தாலிங்கம் தழுதழுத்த குரலில். "மலைவரைக்கும் அடிக்குது பாருங்க அண்ணாச்சி."

வீடு பக்கத்தில்தான், பேட்டரி எதற்கு வீணாக வேண்டும் என்று ஆவுடையப்பன் ஜன்னல் வழியே கையை விட்டுச் சுவிட்சை அணைத்தார். வெளிச்சம் போகவில்லை. மறுபடி போட்டு அணைத்தார். இன்னும் கூடியது. மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். விளக்குகளைக் கழற்றித் தரையில் வைத்தார்கள். கூடியது. மண்ணை அள்ளி மூடினார்கள். சுடவே ஆரம்பித்துவிட்டது.

வேலாயுதம் துண்டை விலக்கி எட்டிப் பார்த்தார். "அது சூரியன்யா," என்றார்.

பெரியவர் ராத்திரி சரியாகத் தூங்கவில்லை, பாவம் என்று ஆவுடையப்பன் மற்றவர்களிடம் மெல்லச் சொன்னார். இப்படியே விட்டால் ஊரே தீப்பிடிக்கும் என்று முடிவாகி, விளக்குகளைத் தூக்கிக்கொண்டு மூவரும் வேட்டி சட்டையோடு, குத்தாலிங்கம் மட்டும் சட்டையோடு, குளத்துக்குள் இறங்கினார்கள்.

வேலாயுதம் நேரே பொன்னுலிங்கம் வீட்டுக்கு நடந்தார். வாசலில் கம்பை ஊன்றி நின்ற பொன்னுலிங்கம் கும்பிட்டார், மன்னிப்புக் கேட்டார். கோமதி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாவதும் போயிற்று என்று அவளுக்குக் கண்ணில் நீர் கட்டியது. இப்பேர்ப்பட்ட மடையர்கள் இருக்கிற வீட்டில் என் பிள்ளையைத் தரமாட்டேன், இப்போதே அவனைக் கூட்டிக்கொண்டு கிளம்புகிறேன் என்று வேலாயுதம் சத்தம் போட்டுவிட்டு மகனைத் திரும்பிப் பார்த்தார். மகனைக் காணவில்லை.

எல்லாரும் குளத்தங்கரைக்குப் போனார்கள். தண்ணீரில் நாலு தலைகள் தெரிந்தன. நாலாவது தலை கைலாசத்துடையது. இரண்டு விளக்குகளும் மேலே மிதந்து வந்துவிடாதபடி, ஆளுக்கொரு பக்கம் மிதித்துக்கொண்டு நின்றார்கள்.

"அப்பா, கிட்ட வராதீங்க," என்று கைலாசம் கூப்பிட்டுச் சொன்னான். "இன்னும் அணையலை. கண்ணு போயிரும்."

வேலாயுதம் கரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு பொன்னுலிங்கத்தைப் பார்த்து, தாம்பூலத் தட்டை எடுத்துவரச் சொல்லுங்கள் என்றார்.

பொன்னுலிங்கத்தின் மனைவி மகளின் முகத்தைப் பயத்தோடு பார்த்தாள். கோமதி கரையை நோட்டம்விட்டாள். அங்கே ஒரு பட்டுக்கரை வேட்டியும் கைக்கடிகாரமும் மடித்து, ஈரம் படாத கல்லின்மேல் பத்திரமாக வைக்கப்பட்டிருந்தன.

"மூணு பேரை விட இவரு தேவலை அம்மா," என்றாள். "வேட்டியைக் கழத்தி வச்சிட்டு இறங்கியிருக்காரு."

தட்டு மாற்றிக்கொண்டது பெரியவர்கள் மட்டும்தான். மருமகன்மார் நால்வரும் சாப்பாட்டைக்கூடக் கரைக்கு வரவழைத்து, கழுத்தளவுத் தண்ணீரில் நின்றபடியே கைமாற்றிக் கைமாற்றிச் சாப்பிட்டார்கள். விளக்குகளை மிதித்த காலை ஒருவரும் எடுக்கவில்லை. சாயங்காலம் ஆக ஆக வெளிச்சம் குறைந்தது, சிவந்தது, ஒரேயடியாக அணைந்தது. விளக்குகளைக் குளத்தடியிலேயே விட்டுவிட்டு, நால்வரும் நடுங்கிக்கொண்டே கரையேறினார்கள். நல்ல பல்பு, லேசில் அடங்கவில்லை என்று கைலாசம் சொன்னதை மற்ற மூவரும் ஒப்புக்கொண்டார்கள். அன்றிரவு ஊரைக் காப்பாற்றிய களைப்பில் அடித்துப்போட்டதுபோலத் தூங்கினார்கள்.

விடியற்காலையில் முதலில் கண்விழித்தது நம்பிராஜன். ஜன்னலைப் பார்த்தார். மற்ற மூவரையும் உலுக்கி எழுப்பினார். நால்வரும் மறுபடி குளத்துக்கு ஓடினார்கள்.