பாயசத்துக்கு ஓர் அறை

வேலாங்குளம் ஜமீனில் பன்னிரண்டு வருஷம் சமைத்தவள் அங்கம்மாள். அவளுக்கு வீடு கட்ட ஜமீன்தார் நிலம் கொடுத்தார். நீளம் பதினான்கு அடி, அகலம் பத்தடி.

"நான் விருந்துக்கு வருவேன். என் அந்தஸ்துக்குக் கூடம் மட்டும் பன்னிரண்டடி நீளம் வேணும். இல்லேன்னா நிலத்தைத் திரும்ப எடுத்துக்குவேன்" என்றார்.

அங்கம்மாள் மறுக்கவில்லை. சுண்ணாம்புக் கோடு போட்டுத் தரையில் வீட்டை வரைந்தாள். சுவர் எழுப்பும் முன்பே ஜமீன்தாரை விருந்துக்கு அழைத்தாள். அன்று அவர் வந்து கூடத்தின் நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஊரே வேடிக்கை பார்த்தது. மிச்சமிருந்த இடத்தில் அங்கம்மாளும் புருஷனும் நான்கு பிள்ளைகளும் ஒட்டி ஒட்டி நின்றார்கள்.

"சாப்பாடு எங்கே?"

"இந்தப் பக்கம் ஆள் நிறைஞ்சு போச்சு, எஜமான். அடுப்பு வைக்க இடமில்லை."

ஜமீன்தாருக்குப் பசி. நாற்காலியைத் தெருப்பக்கமாக நகர்த்தினார். அங்கம்மாள் கோட்டை மாற்றிப் போட்டுச் சோறு வடித்தாள்.

"குழம்பு?"

"அதுக்கு இன்னொரு அடுப்பு வேணுமே, எஜமான்."

நகர்ந்தார். பொரியலுக்காக மறுபடியும் நகர்ந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பாயசம்?" என்றார்.

"வைக்கலாம். ஆனா குடிச்சதும் எஜமானுக்குக் கண்ணு சொருகும். படுக்க ஓர் அறை வேணும்."

அது நியாயமாகத்தான் பட்டது. ஜமீன்தார் நாற்காலியோடு தெருவுக்கு வந்துவிட்டார். அங்கேயே உட்கார்ந்து இரண்டு கிண்ணம் பாயசம் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு கொத்தனாரைக் கூப்பிட்டார்.

"கோடெல்லாம் சரியா இருக்கு. இது மேலேயே சுவர் எழுப்பு."