படுத்தே இருக்க வேண்டிய பாட்டில்

கம்பம் பள்ளத்தாக்கில் ஞானமடை என்று ஓர் ஊர். எண்பது வீடு, ஒரு மாதா கோயில், மற்றபடி கண்ணுக்கெட்டிய மட்டும் திராட்சைப் பந்தல். அந்த ஊரில் யாரையும் யாரும் முட்டாள் என்று சொன்னதில்லை. அப்படிச் சொல்ல வெளியூர் ஆள் ஒருவர் வேண்டும். வந்தவர்கள் யாரும் அவ்வளவு நேரம் தங்கியதில்லை.

ஊர்த் தலைவர் சந்தியாகுவுக்குப் பிரகாசி என்று ஒரே மகள். அவளுக்கு வந்த இரண்டு வரன்கள் தட்டிப்போயிருந்தன. முதல் வரன் வீட்டார் கிளம்பும்போது, "நில்லுங்க, போயிட்டு வர்றோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சந்தியாகு மூன்றாம் நாள் சாயங்காலம் வரை வாசலில் நின்றார். இரண்டாவது வரன் வீட்டில், "உங்க வீடு மாதிரி நெனச்சுக்குங்க" என்று உபசரித்தார்கள். சந்தியாகு அவர்கள் பீரோவை நகர்த்தி ஜன்னல் ஓரமாகப் போட்டார்.

மூன்றாவதாகப் புதுச்சேரியிலிருந்து வந்தது எதுவார் என்ற பையனின் ஜாதகம். கிறிஸ்தவர்கள் ஆகையால் ஜாதகம் இல்லை, புகைப்படம். வேளாங்கண்ணியில் இருவரும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்கள். பிரகாசிக்குப் பிடித்துப்போனது.

"இந்த இடத்தையாவது கெடுத்துராதீங்கப்பா" என்று அவள் கேட்டுக்கொண்டாள்.

"நான் எதைம்மா கெடுத்தேன்? எல்லாரும் சொன்னதைத்தானே செஞ்சேன்" என்றார் சந்தியாகு.

எதுவாரின் அப்பா அந்துவான், பாரிஸில் ஒரு பெரிய சாப்பாட்டுக் கடையில் முப்பது வருஷம் ஒயின் பரிமாறியவர். கிறிஸ்துமஸ் அன்று மதியச் சாப்பாட்டுக்கு வருகிறோம், அங்கே வைத்து முடிவு சொல்கிறோம் என்று தகவல் அனுப்பினார். மூன்று வாரம் முன்னதாகவே பஸ் பார்சலில் ஒரு பெட்டி வந்தது. உள்ளே வைக்கோல், வைக்கோலுக்குள் ஒரு சிவப்பு ஒயின் பாட்டில், கூடவே ஒரு கடிதம்.

கடிதத்தை உபதேசியார் பவுலின் உரக்க வாசித்தார். பூசை வைக்கிற பங்குச்சாமி பெரிய திருநாளுக்கும் கல்யாணத்துக்கும்தான் ஊருக்கு வருவார். மற்ற நாளில் ஜெபம், ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு, ஊரின் மொத்த அறிவு எல்லாம் உபதேசியார் பொறுப்பு.

"இந்த ஒயின் என் மகன் பிறந்த வருஷத்தது. இருட்டான, குளிர்ந்த இடத்தில் படுத்த வாக்கிலேயே வைக்கவும். நிமிர்த்த வேண்டாம், ஆட்ட வேண்டாம், வண்டல் கலங்கிவிடும். சாப்பாட்டுக்குச் சரியாக ஒரு மணி நேரம் முன்னால் திறந்து காற்றுப் பட விடவும். உங்கள் பண்டிகைப் பதார்த்தங்களில் எது இதற்குப் பொருத்தம் என்று நீங்களே பார்த்து முடிவு செய்யவும். ஒரு குடும்பத்தின் பக்குவம் அதில் தெரிந்துவிடும்."

"புரிஞ்சுச்சா?" என்றார் சந்தியாகு.

"எழுத்து அழகா இருக்கு" என்றார் அவருடைய மச்சான் இன்னாசி.

முதல் சிக்கல் பஸ் நிறுத்தத்திலேயே வந்தது. பாட்டிலைப் படுத்த வாக்கில் ஊருக்குள் கொண்டுபோக வேண்டும். ஞானமடையில் படுத்த வாக்கில் போகிற வண்டி ஒன்றுதான் உண்டு: கோயில் சவ வண்டி. இன்னாசி போய் அதை இழுத்து வந்தார். நடுவில் வைக்கோல் விரித்துப் பாட்டிலைக் கிடத்தி, முன்னால் உபதேசியார், பின்னால் சந்தியாகு என்று மெதுவாக நடந்தார்கள். வண்டியைக் கண்ட மணியடிப்பவர் துக்க மணி அடித்தார். வழியில் இருந்தவர்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சேர்ந்துகொண்டார்கள்.

"யாரு மாமா போயிட்டது?"

"யாரும் போகல. வந்திருக்கு."

"எத்தன வயசு?"

"இருபத்தாறு."

"அடப் பாவமே" என்று சொல்லி நான்கு பெண்கள் அழ ஆரம்பித்தார்கள்.

திராட்சைக் கூடை அடுக்கும் அறையில் பாட்டிலைப் படுக்க வைத்தார்கள். அது தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்பது பற்றிக் கடிதத்தில் இல்லாததால், எல்லோரும் மூன்று வாரமும் தணிந்த குரலில் பேசினார்கள்.

அடுத்தது பொருத்தம். பிரகாசி, "கறிக்குழம்போட வெச்சாப் போதும்பா" என்றாள். சின்னப் பெண் சொல்லி ஒரு சம்பந்தத்தை முடிக்க முடியுமா? ஞானமடையில் பொருத்தம் பார்க்க ஒரே வழிதான். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கல்யாண ஓலை வாசிக்க வேண்டும். தடை தெரிந்தவர்கள் எழுந்து சொல்ல வேண்டும். மூன்று ஞாயிறு தடை வராவிட்டால் பொருத்தம்.

முதல் ஞாயிறு உபதேசியார் வாசித்தார்: "புதுச்சேரி அந்துவான் வீட்டுச் சிவப்பு ஒயினுக்கும், இவ்வூர் சந்தியாகு வீட்டு ஆட்டுக்கறிக் குழம்புக்கும் சம்பந்தம் பேசப்பட்டிருக்கிறது. தடை ஏதும் அறிந்தவர்கள் அறிவிக்கக் கடவார்கள்."

ஆடு வளர்க்கும் மரியபுஷ்பம் எழுந்தாள்.

"திராட்சைக் கொடிக்கு உரம் என்ன போடுறோம், உபதேசியாரே?"

"ஆட்டுப் புழுக்கை."

"அப்ப கொடியை வளத்தது யாரு? ஆடு. ஆடு தகப்பன் முறை ஆகுதா இல்லையா? தகப்பனுக்கும் பிள்ளைக்கும் முடிச்சுப் போடுறீகளே, இது அடுக்குமா?"

சந்தியாகுவுக்கு வியர்த்துவிட்டது. "நல்லவேளை, முன்கூட்டியே தெரிஞ்சது" என்றார்.

இரண்டாம் ஞாயிறு அதிரசத்தை வாசித்தார்கள். இன்னாசியே எழுந்தார். அதிரசத்தில் வெல்லம், வெல்லம் கரும்பு, கரும்பும் திராட்சையும் ஒரே வாய்க்கால் தண்ணீர் குடித்து வளர்ந்தவை, ஆகவே பங்காளிகள். பங்காளிக்குள் கொள்வினை கொடுப்பினை கிடையாது. முறுக்கு, கல்கல், முந்திரிக்கொத்து எல்லாம் ஏதோ ஒரு வகையில் சித்தப்பா, அத்தை, ஒன்றுவிட்ட தங்கை என்று போய்விட்டன.

"அப்ப இந்த வட்டாரத்திலேயே ஒறவு இல்லாத பண்டம்னு எதுவும் இல்லையா?" என்று சந்தியாகு தலையில் கை வைத்துக்கொண்டார். மகள் கல்யாணம் ஒரு பண்டம் கிடைக்காமல் நின்றுவிடும் போலிருந்தது.

உபதேசியார் வெகுநேரம் கண்ணை மூடியிருந்துவிட்டு, "கருவாடு" என்றார்.

"எந்த ஊர்க் கருவாடு?"

"ராமேஸ்வரம். மலையைப் பாத்ததில்ல. வாய்க்கால் தண்ணி குடிச்சதில்ல. ஆட்டை அதுக்குத் தெரியாது."

மூன்றாம் ஞாயிறு கருவாட்டுக் குழம்பை வாசித்தபோது ஒருவரும் எழவில்லை. இன்னும் இரண்டு வாசிப்பு பாக்கி, ஞாயிறு பாக்கியில்லை என்பதால் உபதேசியார் அதே மூச்சில் மூன்று தடவை வாசித்தார். மரியபுஷ்பம் சந்தோஷத்தில் குலவையிட்டாள்.

கிறிஸ்துமஸ் வந்தது. மதியம் ஒரு மணிக்குச் சாப்பாடு. பன்னிரண்டு அடித்ததும் இன்னாசி சைக்கிள் கடை ஸ்குரூடிரைவரால் தக்கையை நெம்பி எடுத்தார். பாட்டில் படுத்த வாக்கில் இருந்தது. ஒயின் பெஞ்சில் இறங்கி, பெஞ்சிலிருந்து தரையில் இறங்கியது.

இன்னாசி, சந்தியாகு, உபதேசியார் மூவரும் கைகட்டிக்கொண்டு பார்த்தார்கள்.

"வெளிய வருதே, மாப்ள" என்றார் சந்தியாகு.

"காத்து உள்ள போகணும்ல, மச்சான்? எடம் விடுது" என்றார் இன்னாசி.

சத்தம் கேட்டுப் பிரகாசி ஓடி வந்தாள். பாட்டிலை நோக்கிக் கையை நீட்டியவளை மூவரும் சேர்ந்து மறித்தார்கள்.

"நிமித்தக் கூடாதும்மா! எழுதியிருக்கு!"

"அப்பா, ஒயின் ஓடுதுப்பா!"

"ஓடட்டும்மா. கலங்காம ஓடுது பாரு."

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். ஒயின் வாசல்படி தாண்டி, கோழிகள் நின்ற இடம் வரை போனது. கொஞ்ச நேரத்தில் கோழிகளும் படுத்த வாக்கில் ஆகிவிட்டன.

ஒரு மணிக்கு அந்துவானும் எதுவாரும் வந்தார்கள். இலை போட்டிருந்தது. கருவாட்டு வாசனை பஸ் நிறுத்தம் வரை எட்டியிருந்தது.

"பாட்டில் எங்க?" என்றார் அந்துவான்.

"படுத்திருக்குங்க."

"தெறந்தீங்களா?"

"பன்னிரண்டு மணிக்குங்க. கடிகாரம் பாத்து."

அவர் அறைக்குள் போனார். பாட்டிலைப் பார்த்தார். பெஞ்சு, தரை, கோழி என்று வரிசையாகப் பார்த்தார். பிறகு தன் கடிதத்தைக் கேட்டு வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை வாசித்தார்.

"தெறந்த பெறகு நிமித்துங்கன்னு நான் எழுதலையே" என்றார் கடைசியில்.

"எழுதலைங்க" என்றார் உபதேசியார் வருத்தத்துடன். "எழுதியிருந்தா நிமித்தியிருப்போம்."

அந்துவான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முப்பது வருஷம் பாரிஸ்ல வாய் வலிக்கச் சொன்னேன். ஐஸ் போடாதீங்கம்பேன், போடுவான். ஆட்டாதீங்கம்பேன், ஆட்டுவான். நான் சொன்னதைச் சொன்னபடி செஞ்சவன் ஒருத்தன் இல்ல. இப்பத்தான் பாக்குறேன்." சந்தியாகுவின் பக்கம் திரும்பினார். "சம்மந்தி, நாள் பாருங்க."

பிரகாசி சமையலறைக்குள் ஓடிப்போய் அழுதாள். சந்தோஷத்தில்தான் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

சாப்பாடு மட்டும் நின்றுபோயிருந்தது. ஓலை வாசித்த கருவாடு துணையில்லாமல் இலையில் காத்திருந்தது. இன்னாசிதான் வழி சொன்னார்: "பந்தல்ல மாப்பிள்ளை ஓடிட்டா பொண்ணை அப்படியே விட்டுர்றோமா? கூட்டத்துல நிக்கிற ஒருத்தனை உக்கார வெச்சு முடிக்கிறதில்லையா?" உடனே மூலைக் கடையிலிருந்து பன்னீர் சோடா வரவழைத்தார்கள். அந்துவான் அதை டம்ளரில் ஊற்றி, மூன்று சுற்றுச் சுற்றி, மோந்து, ஒரு வாய் குடித்து, ஒரு வாய்க் குழம்பும் சாப்பிட்டு, மேலே பார்த்தபடி சற்று நேரம் இருந்தார். "ஒண்ணை ஒண்ணு விட்டுக் கொடுக்குது" என்றார்.

கிளம்பும்போது சந்தியாகுவின் கையைப் பிடித்துக்கொண்டார். "என் பையனும் அந்த பாட்டிலும் ஒரே வயசு. கல்யாணத்துக்கு ரெண்டு நாள் முன்னாலயே அனுப்பி வைக்கிறேன். அந்த பாட்டிலைப் பாத்துக்கிட்ட மாதிரியே இவனையும் பாத்துக்குங்க. எனக்கு அது போதும்."

உபதேசியார் அதைத் தாளில் குறித்துக்கொண்டார்.

தை மாதம் எதுவார் பஸ்ஸை விட்டு இறங்கியபோது சவ வண்டி தயாராக நின்றது. அவர் தகப்பன் சொல்லைத் தட்டாத பிள்ளை. திராட்சை அறையில் இரண்டு நாள் வைக்கோல் மேல் படுத்திருந்தார். தலையணை கேட்டார், கடிதத்தில் தலையணை இல்லை. தக்கை விஷயத்தில் மட்டும் கொஞ்சம் விவாதம் நடந்தது. தானே வாயை மூடிக்கொள்வதாக எதுவார் சொன்னார். அதைச் சொல்ல வாயைத் திறந்ததே தப்பு என்று உபதேசியார் கண்டித்தார்.

கல்யாணம் பத்து மணிக்கு. ஒன்பது மணிக்கு எதுவாரை வெளியே கொண்டுவந்து, வாயைத் திறக்கச் சொல்லி, கோயில் வாசலில் காற்றுப் பட வைத்தார்கள். பத்து அடித்ததும் அப்படியே உள்ளே கொண்டுபோய்ப் பீடத்துக்கு முன்னால், பட்டுப்புடவையில் நின்ற பிரகாசியின் பக்கத்தில் கிடத்தினார்கள்.

பங்குச்சாமி புத்தகத்தைத் திறந்தார். பெண்ணைப் பார்த்தார். கீழே பார்த்தார்.

"தம்பி, எழுந்து நில்லுப்பா" என்று குனிந்து தோளைத் தொட்டார்.

உபதேசியார் பதறிக்கொண்டு ஓடி வந்தார்.

"சாமி, சாமி! அசைக்காதீங்க. கலங்கிரும்."