டுக்காட் காசில் இரண்டு கைகள்

“நான் கொடுத்ததுன்னு ஒருத்தருக்கும் தெரியறதில்லீங்கம்மா.”

சென்னிமலைப் பக்கத்து ஆசிரமம் ஒன்றின் சாப்பாட்டுக் கூடத்தில் நின்றுகொண்டு பேராசிரியர் தணிகாசலம் இப்படிக் குறைப்பட்டார். பந்தி பாதியில் இருந்தது. மின்விசிறிகள் அப்போதுதான் நின்றிருந்தன. நிறுத்தியவரும் அவர்தான்.

விசிறிகள் அவர் உபயம். றெக்கைக்கு றெக்கை சிவப்புப் பெயின்டில் பெயரைப் பட்டத்தோடு எழுத வைத்திருந்தார். சுற்றினால் பெயர் தெரியாது என்பது அப்போது அவ்வளவு படித்த மூளைக்கு எட்டவில்லை.

அன்று அவருடைய சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். அவர்கள் நிமிர்ந்து படிக்கட்டும் என்று அணைத்துவிட்டு, வேறு யாரும் போட்டுவிடாதபடி சுவிட்ச் பலகையின் மேலேயே கையை ஊன்றிக்கொண்டார்.

சித்திரை வெயில். பந்தியில் ஒரு நிறைமாதக்காரி ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே மறுகையால் முந்தானையை விசிறிக்கொண்டிருந்தாள்.

“சுவத்துல பேரு போட்டு ஒரு கல்லு பதிச்சுட்டா நல்லாருக்குங்க” என்றார் தணிகாசலம்.

ஆசிரமத்தை நடத்தும் செங்கமலம் அவரைவிட வயதில் சிறியவர். ஆனாலும் அவருக்கு அம்மாதான், குருதான். அம்மா ரச வாளியைக் கீழே வைத்தார். கல்லைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், எப்போதும் சட்டைப் பையில் வைத்திருக்கிறாரே, அது என்ன காசு என்று கேட்டார்.

காசைப் பற்றிக் கேட்டால் தணிகாசலத்துக்குச் சோறு தண்ணி வேண்டாம். மறுகையால் எடுத்து நீட்டினார். வெனிஸ் நாட்டுத் தங்கக் காசு. ஒரு பக்கம் கிறிஸ்து. சுற்றிலும் ஒரு வேண்டுதல்: ஆண்டவரே, நீர் ஆளும் இந்த நாடு உமக்கே கொடுக்கப்படட்டும். அதில் நாட்டைக் குறிக்கும் ‘டுக்காட்டுஸ்’ என்ற லத்தீன் சொல்தான் கடைசிச் சொல். அதிலிருந்தே காசுக்கு டுக்காட் என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள்.

“வேண்டுதல் மறந்துபோச்சுங்க. பேரு மட்டும் சந்தையில நின்னுருச்சு.”

அம்மா காசைத் திருப்பினார். அந்தப் பக்கத்தில் ஒருவர் மண்டியிட்டிருந்தார், ஒருவர் எதிரே நின்றார்.

“மண்டி போட்டிருக்கறவரு?”

“நாட்டு அதிபதிங்க. எதுக்க நிக்கிறது அந்த நாட்டைக் காக்கிற புனித மாற்கு. ஐந்நூறு வருசம் இதே படம்தான். அதிபதி மாறுனா பேரை மட்டும் மாத்தி அடிப்பாங்க.”

“அத்தனை பேருமா அதே நாட்டைக் குடுத்தாங்க?”

தணிகாசலம் சிரித்தார். இந்தக் கேள்வி அவருக்கே தோன்றியதில்லை.

“நடுவுல இதென்னங்க?”

“கொடிக்கம்பம்ங்க.”

“யார் கையில இருக்குது?”

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் குனிந்து பார்த்தார். “ரெண்டு பேருமே பிடிச்சிருக்காங்க. அதிபதி கையை எடுக்கவே இல்லீங்க.”

அம்மா காசைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தணிகாசலமும் திரும்பினார். அங்கே, சுவிட்ச் பலகையின் மேல், தன்னுடைய கை.

முகம் சுட்டது. பந்தியில் இருந்த ஒருவர் முகத்தையும் பார்க்க முடியவில்லை. நிறைமாதக்காரி பாதிச் சோற்றோடு இலையை மூடிக்கொண்டிருந்தாள்.

சுவிட்சைப் போட்டார். காற்று முதலில் அவர் மேல்தான் பட்டது.