நீலம் பாரித்த தங்கை

அந்தக் காலத்தில் கிழங்குகளுக்கும் வாய் இருந்தது. வெங்காயத்துக்கு ஒரு தங்கையும் இருந்தாள். மலைச்சரிவில் சோலைச்சி என்பவளின் கொல்லையில், ஒரே பாத்தியில், இருவரும் தோளோடு தோள் ஒட்டி வளர்ந்தார்கள். தங்கைக்கு ஒரே ஆசை: இளவேனிலில் பூக்க வேண்டும். அவள் குலத்தில் யாரும் பூவைக் கண்டதில்லை. மொட்டு முனை காட்டுவதற்குள் சோலைச்சியின் கை மண்ணுக்குள் வந்துவிடும். குழம்பு காத்திருக்காது அல்லவா?

“பூத்து என்னடி செய்யப் போறே?” என்றாள் அக்கா வெங்காயம். “குழம்புல விழுந்தா நாலு பேர் வாயில பேர் இருக்கும்.”

“வாயில நாமதான் இருப்போம், அக்கா. பேர் எங்கே இருக்கும்?”

பனி விலகத் தொடங்கிய ஒரு காலை, வரப்பில் வெயில் காய்ந்துகொண்டிருந்த நல்லபாம்பைத் தங்கை கூப்பிட்டாள். “அண்ணே, கொஞ்சம் நஞ்சு தாயேன்.”

பாம்பு திடுக்கிட்டது. கேட்காமல் கொடுத்துத்தான் அதற்குப் பழக்கம்.

“உடம்பெல்லாம் நீலம் பாரிக்குமே, தாயி.”

“பாரிக்கட்டும்.”

“அப்புறம் ஒருத்தரும் அடுப்புக்குக் கூப்பிட மாட்டாங்க.”

“போனவங்க யாராவது திரும்பி வந்து அடுப்பைப் புகழ்ந்தாங்களா?”

“பக்கத்துல குடியிருக்கவும் விடமாட்டாங்க. என்னைப் பாரு.”

அதைத் தங்கை காதில் வாங்கவில்லை. கிழங்குக்கு ஏது காது என்று கேட்கலாம். வாயை ஒப்புக்கொண்டவர்கள் காதுக்குத் தகராறு செய்யக் கூடாது. பாம்பு குனிந்து ஒரே ஒரு கடி கடித்தது.

மறுநாள் பாத்தியைக் கிளறிய முள்ளம்பன்றி, தங்கையின் ஓரத்தை ஒரு கடி கடித்ததுதான் தாமதம், துப்பிவிட்டுத் தரையில் உருண்டு புரண்டது. கறிக்குப் பிடுங்க வந்த சோலைச்சி அதைப் பார்த்து, நீட்டிய கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

அந்த இளவேனிலில் தங்கை பூத்தாள். நஞ்சு ஏறிய உடம்பில் பூ வேறு எப்படி இருக்கும்? மயில் கழுத்து நீலம்.

சோலைச்சி வெகுநேரம் நின்று பார்த்தாள். “அழகாத்தான் இருக்கே, பாவி. ஆனா அவசரத்துல கை மாறிப் பிடுங்கிட்டா, எங்க வீட்டுக்காரர் கதி என்னாகிறது?” வேர் அறாமல் கெல்லி எடுத்துப் போய், வாசல் தோட்டத்தில் நட்டாள்.

“அக்கா!” என்று தங்கை கூப்பிட்டாள். நடுவில் வீடு நின்றது, குரல் எட்டவில்லை. கொல்லையில் அக்காவுக்கு அழ வேண்டும் போலிருந்தது. கண் இல்லையே.

அன்று முதல்தான் நீலப்பூக் கிழங்கு வாசலிலும் வெங்காயம் கொல்லையிலுமாகக் குடியிருக்கின்றன. வெங்காயத்தை யார் உரித்தாலும், அவர் கண்ணை இரவல் வாங்கி, அது தன் தங்கைக்காக அழுதுகொள்கிறது.