ஈறு ஆறட்டும்

"அம்மா, பல் விளக்கும்போது வாயில ரத்தம் வருது. இது எந்த நிலை?"

கேட்டவர் ஆவுடையப்பன்.

"ஈறு வீங்கின நிலை, அண்ணாச்சி," என்றார் நாயகி அம்மை.

ஆவுடையப்பன் காத்திருந்தார். அம்மை மடியில் கிடந்த முருங்கைக் கொத்திலிருந்து கீரையை உருவிக்கொண்டிருந்தார்.

மலையடிவாரத்தில், ஆற்றங்கரையில் இருந்தது அந்தக் குடில். அதை நடத்தியவர் தையல்நாயகி. எல்லாருக்கும் நாயகி அம்மை. உபதேசம் தேடி வந்தவர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள். ஆவுடையப்பன் எல்லாரையும்விட மூத்தவர். அதனால் அம்மையும் அவரை அண்ணாச்சி என்றே கூப்பிட்டார்.

ஆவுடையப்பன் தென்காசிப் பக்கம் வெல்ல மண்டி வைத்திருந்தவர். மனைவி இறந்த பிறகு மண்டியை மகன்களிடம் விட்டுவிட்டு வந்தார்.

மண்டியில் அவருக்கு ஒரு பழக்கம். எந்த வெல்லத்தையும் மேலாகப் பார்த்து வாங்கமாட்டார். உருண்டையை உடைத்து உள்ளே பார்ப்பார். மேலே பொன்னாக மின்னும். உள்ளே பாகு இளகிக் கிடக்கும். பாதி ஆயுள் இப்படியே போயிற்று. பிறர் சொல்லும் வார்த்தையையும் அவர் உடைத்துப் பார்த்துத்தான் வாங்கினார்.

"நான் இங்க வந்ததுல இருந்து கடுமையாத்தான் இருக்கேன்," என்றார். "பொழுது சாய ஒரு வேளைக் கஞ்சி. கூட ரெண்டு கட்டி வெல்லம். மென்னு திங்கிற சாமானைத் தொடுறதே இல்லை. நாக்கை ஜெயிக்கணும்லா? பல்லையும் செங்கல் இடிச்ச செங்கப்பொடி வச்சு அழுத்தித் தேய்க்கேன். உடம்பு மேல இரக்கம் வந்துரக் கூடாதுன்னு."

"தெரியுது."

"அதான் கேக்கேன். இந்த ரத்தம்..."

"வெதுவெதுன்னு தண்ணி எடுத்து, கொஞ்சம் உப்பைப் போட்டுக் கொப்பளிங்க."

ஆவுடையப்பன் கும்பிட்டுவிட்டுப் போனார்.

சில நாள் கழித்து வந்தார். முகம் பளபளத்தது.

"புரிஞ்சு போச்சும்மா."

"என்னது?"

"உப்புங்கிறது நான். நான் கரைஞ்சு காணாமப் போகணும். வெதுவெதுன்னு சொன்னீங்களே, அது பக்தி. கொதிக்கவும் கூடாது, ஆறிப்போகவும் கூடாது."

"கொப்பளிச்சீங்களா?"

ஆவுடையப்பன் விழித்தார்.

"இல்லையே."

அம்மை ஒரு கொத்தை முடித்துவிட்டு அடுத்த கொத்தை எடுத்தார்.

"கொப்பளிங்க. செங்கப்பொடியைத் தூரப் போடுங்க. வெல்லத்தைக் கொறைங்க. முப்பிடாதிகிட்டச் சொல்லுதேன், தினமும் கீரை வைப்பா. தோட்டத்துல கொய்யா காய்ச்சுக் கிடக்கு. மென்னு தின்னுங்க."

"அப்புறம் உபதேசமா?"

"ஈறு ஆறட்டும். அப்புறம் பாப்போம்."

ஆவுடையப்பன் ஆற்றங்கரைப் பாறைக்குப் போய் உட்கார்ந்தார்.

ஈறு.

ஈறு என்றால் முடிவு. சொல்லுக்கு ஈறு உண்டு, பாட்டுக்கு ஈறு உண்டு என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறார். அப்படியானால் ஈறு ஆறட்டும் என்பது? சாவை நினைத்து மனசு கொதிக்கிறதே, அந்தக் கொதிப்பு ஆறட்டும் என்பதுதான்.

அவருக்கு உடம்பு சிலிர்த்தது.

மறுநாள் முப்பிடாதி அவர் இலையில் அகத்திக்கீரைப் பொரியல் வைத்தாள். குடிலின் சமையல் அவள் பொறுப்பு. பரிமாறிவிட்டு ஒரு சுற்றுப் போய் வந்தாள். கீரை அப்படியே இருந்தது.

"என்ன அண்ணாச்சி, கீரையைப் பாத்துக்கிட்டே இருக்கீய?"

"பச்சையா இருந்தது நெருப்புல வதங்கியிருக்கு. நம்ம உயிர் படுற பாடும் இதுதான, முப்பிடாதி?"

"ஆறிப்போகுது, அண்ணாச்சி."

அவர் கீரையை எடுத்துப்போய்க் குடிலின் பசுவுக்கு வைத்தார். புண்ணியம் என்று நினைத்தார்.

பசு நிதானமாக மென்று தின்றது.

மாதங்கள் போயின. மாலைப் பிரார்த்தனையில் ஆவுடையப்பனுக்குப் பக்கத்தில் உட்காருகிறவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து உட்கார ஆரம்பித்தார்கள். பேசினால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

தன் தவத்தின் அனல் தாங்காமல் விலகுகிறார்கள் என்று ஆவுடையப்பன் எண்ணிக்கொண்டார்.

ஐப்பசி மழை பிடித்தது. ஒரு சாயங்காலம் கஞ்சி குடிக்கும்போது நாக்கில் ஏதோ நெருடியது. அரிசியில் கல் என்று நினைத்து உள்ளங்கையில் துப்பினார்.

பல்.

வலிக்கவே இல்லை. வலிக்காததுதான் அவரைப் பயமுறுத்தியது.

மழையோடு மழையாக அம்மையின் அறைக்கு ஓடினார். கையை நீட்டினார்.

"அம்மா, இதுக்கு என்ன அர்த்தம்?"

வழக்கமாக அவர் குரலில் இருக்கும் மிடுக்கு அன்றைக்கு இல்லை.

அம்மை பல்லை வாங்கி, கூரை இறவாரத்தில் சொட்டிய நீரில் கழுவினார். முந்தானையால் துடைத்தார். விளக்கைத் தூண்டிவிட்டு அவர் கையிலேயே திரும்பக் கொடுத்தார்.

"நல்லாப் பாருங்க. உடைச்சு உள்ளே பாத்த கண்ணுதான உங்களுக்கு."

ஆவுடையப்பன் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். வேரோரம் மஞ்சளும் கறுப்புமாகக் காரை படிந்திருந்தது. மற்றபடி பல் முழுசாக இருந்தது.

"சொத்தை இல்லையேம்மா."

"இல்லை."

"கீறல்கூட இல்லை."

"இல்லை."

"பின்ன ஏன் விழுந்துச்சு?"

"பிடிச்சுக்கிட்டு இருந்தது விட்டுட்டுது."

ஆவுடையப்பன் நிமிர்ந்தார். கண்ணில் பழைய மினுக்கம் வந்தது.

"பிடிச்சுக்கிட்டு இருந்ததுன்னா..."

"ஈறு."

"ஈறுன்னா..."

"ஈறு, அண்ணாச்சி. பல்லைச் சுத்தி இருக்கிற சதை."

வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. ஆவுடையப்பன் பல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதடு கோணியது.

"நல்ல பல்லும்மா," என்றார். "இதுக்கு ஒரு குறையும் இல்லை."

அம்மை அவரை அழவிட்டார்.

பிறகு அவரே கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "நான் தினமும் தேய்க்கத்தான செஞ்சேன்?"

"அந்தப் பொடியைக் கொண்டாங்க."

கொண்டுவந்தார். ஒரு தகர டப்பா.

"கட்டைவிரலைக் காட்டுங்க."

காட்டினார். அம்மை பொடியைத் தொட்டு, நகம் தோலுக்குள் இறங்கும் இடத்தில் வைத்துத் தேய்த்தார். அவர் காலையில் பல்லைத் தேய்க்கிற அதே அழுத்தம். அதே வேகம்.

ஆவுடையப்பன் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

"ஏன் இழுத்தீங்க?"

"எரியுதும்மா!"

"ஈறும் எரிச்சல் தாங்காம இப்படித்தான் பின்னால இழுத்துக்கிட்டு இருக்கு."

ஆவுடையப்பன் விரலைப் பார்த்தார். நாக்கால் தன் கீழ்ப் பற்களைத் துழாவினார். ஒவ்வொரு பல்லும் முன்னைவிட நீளமாக இருப்பதை அவர் முன்பே கவனித்திருந்தார். அதற்கும் ஒரு அர்த்தம் வைத்திருந்தார். அது என்ன அர்த்தம் என்று இப்போது அவருக்கு நினைவு வரவில்லை.

டப்பாவை எடுத்துப்போய்க் குப்பைக் குழியில் கொட்டினார்.

திரும்பி வந்தபோது அம்மை சொன்னார்: "காலைல முதல் பஸ்ஸுக்கு டவுனுக்குப் போங்க. பல் டாக்டரைப் பாருங்க. இனிமே உப்புத் தண்ணி மட்டும் போதாது."

டாக்டர் சின்னப் பெண். விளக்கை இழுத்துவைத்து, கண்ணாடியை வாய்க்குள் விட்டு நெடுநேரம் பார்த்தாள். ஏதோ ஒரு கருவி 'ஙொய்' என்று இரைந்தது. காரை துண்டு துண்டாகப் பெயர்ந்து வந்தது. ஆவுடையப்பன் கண்ணை மூடிக்கொண்டார்.

"இது கல்லாப் போயிருக்கு, ஐயா. எவ்வளவு தேய்ச்சாலும் வராது, நாங்கதான் எடுக்கணும். இன்னும் ரெண்டு பல் லேசா ஆடுது. அதைக் காப்பாத்திரலாம். சர்க்கரை இருக்கான்னு ரத்தம் டெஸ்ட் பண்ணிப் பாத்துருங்க. மறுபடி வந்து காட்டணும். மத்ததெல்லாம் நீங்க வீட்டுல என்ன பண்றீங்கங்கிறதுலதான் இருக்கு."

"வீடுன்னா..." என்று ஆரம்பித்தார் ஆவுடையப்பன்.

வீடு என்றால் முக்தி. நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

நிறுத்திக்கொண்டார்.

"மெத்துன்னு இருக்கிற பிரஷ் எந்தக் கடைல கிடைக்கும்மா?" என்று கேட்டார்.

குடிலுக்குத் திரும்பியதும் முப்பிடாதியிடம் கைக்கண்ணாடி ஒன்று இரவல் வாங்கினார். உதட்டை விரலால் தூக்கிப் பார்த்தார். ஈறு நாவல்பழ நிறத்தில் உப்பியிருந்தது. இத்தனை வருஷமாக இது தன் வாய்க்குள்தான் இருந்ததா என்று ஆச்சரியமாக இருந்தது.

அதன்பிறகு காலையில் எழுந்ததும் அதைப் பார்ப்பது வழக்கமாயிற்று. இந்தப் பக்கம் வீக்கம் வடிந்திருக்கிறதா? அந்த ஓரத்தில் ஏன் இன்னும் சிவப்பு? டாக்டர் காட்டியபடி பிரஷ்ஷை ஈறோரத்தில் சாய்த்துவைத்து, பேனா பிடிப்பதுபோலப் பிடித்து, மெல்ல ஆட்டினார். முதலில் கை கேட்கவில்லை. பித்தளைக் குடம் தேய்த்த கை மாதிரி தன் இஷ்டத்துக்குப் போயிற்று. எரிந்த கட்டைவிரலை நினைத்துக்கொண்டால் மெதுவானது. பல்லிடுக்கில் நூல் விட்டு எடுக்கவும் கற்றுக்கொண்டார். இரவு படுக்கும்முன் இன்னொரு தடவை.

மெல்லுவது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. ஆடுகிற பல் இருந்த பக்கத்தை விட்டுவிட்டு மறு பக்கம் மென்றார். முப்பிடாதி கொய்யாவை ஏடுபோல் நறுக்கிக் கொடுத்தாள். நெல்லிக்காயைத் துருவித் தயிரில் போட்டாள். கஞ்சியோடு பயறும், மோரும், காய்கறியும் வந்தன. ஒரு வேளை இரண்டு வேளையானது, பிறகு மூன்று.

"இது என்ன கீரை?" என்று கேட்டார்.

"பொன்னாங்கண்ணி."

"நேத்து வச்சது?"

"அகத்தி."

"அது ஏன் அப்படிக் கசந்துச்சு?"

"கசக்கத்தான் செய்யும், அண்ணாச்சி."

ஆவுடையப்பன் அந்தப் பதிலை நாக்கில் வைத்துப் பார்த்தார். உடைக்க ஒன்றும் இல்லை. தலையாட்டிவிட்டு அடுத்த பிடியை எடுத்தார்.

வெல்லத்தை மட்டும் விட முடியவில்லை. தலையணைக்கு அடியில் ஒரு கட்டி ஒளித்துவைத்திருந்தார். எறும்பு காட்டிக்கொடுத்துவிட்டது. எறும்புச் சாரையின் மறுமுனையில் அம்மை நின்றிருந்தார்.

"ராத்திரி வாயில ஒதுக்கிக்கிட்டுத் தூங்குறதை விடுங்க," என்றார். "திங்கணும்னா சாப்பாட்டோட துளி தின்னுட்டு, வாயைக் கொப்பளிச்சிருங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

தை மாதத்தில் ஒரு காலை, துணி துவைக்கும் கல்லோரம் நின்று வாயைக் கொப்பளித்துத் துப்பினார். கல்லில் விழுந்த நுரை வெள்ளையாக இருந்தது. மறுபடி கொப்பளித்தார். மறுபடியும் வெள்ளை. வெயில் கல்லில் ஏறும்வரை அங்கேயே நின்றிருந்தார். யாரிடமும் சொல்லவில்லை.

அன்று மாலைப் பிரார்த்தனையில் பக்கத்தில் இருந்தவர் அவர் காதருகே சாய்ந்து, "மழை வரும்போல இருக்கே," என்றார். ஆவுடையப்பன் அவர் பக்கம் திரும்பி, "தையிலயா?" என்றார். பக்கத்தில் இருந்தவர் நகரவில்லை. முன்பு எல்லாரும் மூக்கைக் காத்துக்கொள்ளத்தான் விலகினார்கள் என்று அப்போதுதான் ஆவுடையப்பனுக்கு உறைத்தது. முகம் சூடாயிற்று. உடனே சிரிப்பும் வந்தது.

அடுத்த முறை டவுனுக்குப் போனபோது டாக்டர் கண்ணாடியை வெளியே எடுத்துவிட்டு, "நல்லா ஆறியிருக்கு," என்றாள். ஆடிய இரண்டில் ஒன்று கெட்டியாக நின்றுவிட்டது. இன்னொன்றைப் பொறுத்துத்தான் பார்க்க வேண்டும்.

அம்மைக்கு அதை முப்பிடாதிதான் போய்ச் சொன்னாள்.

மறுநாள் மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் எல்லாரும் பந்தியில் இருந்தார்கள். அம்மை வாசலில் வந்து நின்றார்.

"அண்ணாச்சி, வாங்க. உபதேசம் கேட்டீங்கல்லா? இன்னைக்குச் சொல்லுதேன்."

முப்பிடாதியின் கரண்டி அந்தரத்தில் நின்றது. ஆவுடையப்பன் மண்டியை விட்டு வந்ததே இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும்.

ஆவுடையப்பன் வாய் நிறையச் சோறும் கீரையும் இருந்தன. நிமிர்ந்து அம்மையைப் பார்த்தார். இடது கையை மெல்ல உயர்த்தினார்.

தாடை அசைந்துகொண்டிருந்தது. அவசரம் இல்லை.

விழுங்கினார். இலையில் இன்னும் ஒரு பிடி மீதி இருந்தது.

"கொஞ்சம் இருங்கம்மா," என்றார். "இதை மென்னுட்டு வாரேன்."

அம்மை உள்ளே வந்தார். அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"முப்பிடாதி, எனக்கும் ஒரு இலை போடு."