எதிரணி தந்த ஒரு நிமிடம்

அமெரிக்காவில் ஓர் ஏரிக்கரை நகரம். அந்த நகரத்துக் கால்பந்து அணி அந்தப் பருவம் முழுக்கத் தோற்றுக்கொண்டே இருந்தது. கால்பந்து என்பது பெயருக்குத்தான். பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவதும், ஓடுகிறவனை நாலு பேர் சேர்ந்து சாய்ப்பதும்தான் அங்கே ஆட்டம். காலுக்கு எப்போதாவதுதான் வேலை வரும். அப்படி வந்தால் உதைப்பதற்கென்றே ஓர் ஆள் வைத்திருப்பார்கள். இந்த அணியில் அந்த ஆள் அமலன். தூத்துக்குடியிலிருந்து போய்க் குடியேறிய குடும்பத்துப் பிள்ளை.

மூன்று ஆட்டங்களில் வெற்றி அவன் காலடியில் வந்து நின்றது. கடைசி நொடி, ஒரே ஓர் உதை. இரண்டு கம்பங்களுக்கு நடுவே பந்து போனால் போதும். மூன்று முறையும் வெளியே போனது.

மூன்று முறையும் நடந்தது ஒன்றேதான். அவன் உதைக்கத் தயாராகி நிற்கும் நேரம் பார்த்து எதிரணி ஆட்டத்தை ஒரு நிமிடம் நிறுத்திவிட்டது. விதியில் அதற்கு இடம் உண்டு. அங்கே இதை ஐஸ் வைப்பது என்பார்கள். நாம் மேலதிகாரிக்கு வைக்கும் ஐஸ் வேறு. இது ஆளையே உறைய வைக்கும் ஐஸ். அந்த ஒரு நிமிடமும் அமலன் சும்மா நிற்க வேண்டும். உடம்பு நிற்கும், மனசு நிற்குமா? போன வாரத்து உதை, ஊர்க்காரர்களின் வசவு, அடுத்த மாதம் பிறக்கப்போகும் குழந்தை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து எதிரே நிற்கும். அதற்குப் பிறகு உதைப்பான்.

உதைப்பவர்களுக்குப் பயிற்சி தந்தவர் கோல்மன். அமலனின் வயதுதான். முழங்கால் போகும்வரை அவரும் வேறோர் அணிக்கு உதைத்தவர். அவரிடம் கேள்வி கேட்டால் பதில் வராது, வேலைதான் வரும். அதனால் ஆட்டக்காரர்கள் அவரைக் கேலியாகக் குரு என்று கூப்பிட்டார்கள். உதைப்பவனை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்பதில் அவர் வார்த்தைதான் முடிவு.

மூன்றாவது தோல்விக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை அமலன் அவரைத் தேடிப் போனான்.

"அந்த ஒரு நிமிஷத்துல நான் என்ன நினைக்கணும், கோச்?"

கோல்மன் மைதானத்தைப் பார்த்துத் தலையசைத்தார். அங்கே ஒருவன் காலை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தான். பெயர் டேல். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர். லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். எதற்கு வந்திருக்கிறான் என்று அமலனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. உதைப்பவன் தவறவிட்டால் செவ்வாய்க்கிழமை வேறு ஆளை வரவழைத்துச் சோதித்துப் பார்ப்பார்கள். அமலனும் அப்படியொரு செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தவன்தான்.

"உதைக்கிறதுக்குப் பந்தைப் பிடிச்சு நிறுத்துறவன் இன்னிக்கு வரலை. நீ போய் டேலுக்குப் பிடி," என்றார் கோல்மன்.

தன் வேலையைப் பறிக்க வந்தவன் முன்னால் தானே மண்டியிட வேண்டுமா? இருந்தாலும் அமலன் போனான்.

ஒருவன் குனிந்து, பந்தைக் கால்களுக்கு இடையே பின்னால் எறிவான். மண்டியிட்டிருப்பவன் அதைப் பிடித்துத் தரையில் நிறுத்த வேண்டும். பந்தின் ஒரு பக்கத்தில் தடித்த தையல் இருக்கும். அது உதைப்பவன் பக்கம் இருந்தால் கால் அதில் பட்டுப் பந்து கோணிக்கொண்டு போகும். அதனால் நிறுத்துகிற போக்கிலேயே தையலைக் கம்பங்களின் பக்கம் திருப்பிவிட வேண்டும். திருப்பாமல் விட்டால் யாரும் பிடித்தவனைக் கேட்க மாட்டார்கள். பழி உதைத்தவன் மேல்தான் விழும். இது அமலனுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது.

முதல் பந்து வந்தது. தையல் டேலின் பக்கம் இருந்தது. அமலனின் விரல்கள் திருப்பின. பந்து கம்பங்களின் நடுவே போனது. அடுத்ததும் அப்படியே. ஒரு பந்து ஈரத்தில் வழுக்கிக்கொண்டு தள்ளிப் போனது. அதையும் அமலன் எட்டிப் பிடித்து, நிமிர்த்தி, திருப்பி வைத்தான். டேல் உதைத்ததில் ஒன்றுகூட வெளியே போகவில்லை.

டேல் வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டான். இவ்வளவு நன்றாகத் தனக்கு யாரும் பந்து பிடித்ததில்லை என்றான். மனசாரத்தான் சொன்னான். அதுதான் அமலனுக்கு இன்னும் வலித்தது.

டேல் உடை மாற்றப் போன பிறகு அமலன் பெஞ்சில் உட்கார்ந்தான். பக்கத்தில் கோல்மன் வந்து உட்கார்ந்தார்.

"என் வேலையை என் கையாலேயே தூக்கிக் குடுத்துட்டேன், கோச்."

"ஒரு பந்துல தையலைத் திருப்பாம விட்டிருக்கலாமே. அவன் இந்நேரம் ஊருக்குக் கிளம்பியிருப்பான்."

"தெரியும்."

"அப்புறம் ஏன் விடலை?"

நான் நல்லவன் என்று சொல்ல அமலனுக்கு வாய் வரவில்லை. அது உண்மையுமில்லை.

"அதையெல்லாம் யோசிக்க ஏது நேரம்? பந்து வந்துச்சு. கை திருப்பிடுச்சு."

"நேரம் இருந்திருந்தா? ஒவ்வொரு பந்துக்கும் உனக்கு ஒரு நிமிஷம் குடுத்திருந்தா?"

அமலன் தன் விரல்களைப் பார்த்தான். அவற்றில் இன்னும் ஈரமண் ஒட்டியிருந்தது. பிறக்கப்போகும் குழந்தையை நினைத்தான். டேலை நினைத்தான். பதில் அவனுக்குத் தெரிந்திருந்தது. சொல்லத்தான் வெட்கமாக இருந்தது.

கோல்மன் எழுந்து பந்துப் பையைத் தூக்கி அவன் மடியில் வைத்தார்.

"ஞாயித்துக்கிழமை ஆட்டத்துல எதிரணிக்காரங்க உனக்கு மறுபடியும் ஒரு நிமிஷம் குடுப்பாங்க," என்றார். "நீ வாங்கிக்காதே."