தீவுக்குப் பொதி கட்டிய கழுதை

முதல் கோடையில், "தெப்பத்தில் இடமில்லை" என்றன நரியும் குரங்கும் கரடியும். கழுதை கரையிலேயே நின்றது.

இரண்டாம் கோடையில் இடம் இருந்தது. அந்த இடத்தில் கரடியின் தேன் ஜாடியை வைத்தன. கழுதை கரையிலேயே நின்றது.

மூன்றாம் கோடையில், "நீ ஏறினால் தெப்பம் சாய்ந்துவிடும்" என்றன. கழுதையைவிட இரு மடங்கு கனமான கரடி அப்போது தெப்பத்தில் உட்கார்ந்து பழம் தின்றுகொண்டிருந்தது.

நான்காம் கோடையில் காரணம்கூடச் சொல்லவில்லை. பொதியை இறக்கிய கழுதை திரும்பிப் பார்ப்பதற்குள் தெப்பம் போய்விட்டது.

காட்டின் தெற்கே கடல். கடலுக்குள் ஒரு தீவு. நரியும் குரங்கும் கரடியும் கோடைதோறும் பத்து நாள் அங்கே போகும். சும்மா படுத்துக் கிடக்க அல்ல. பாறை இடுக்குகளில் நீந்தும், தென்னை ஏறும், தீவின் நடுவில் இருக்கும் மலையைச் சுற்றி வரும். அதற்கு வேண்டிய சாமான்களைப் பொதியாகக் கட்டிக் கரைவரை சுமப்பது கழுதையின் வேலை.

கழுதைக்கு வீரணன் என்று பெயர். யாரும் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

ஐந்தாம் கோடை வந்தது.

"ஏ கழுதை! நாளைக் காலை கிளம்புகிறோம். பொதியைக் கட்டு!" என்றது நரி.

வீரணன் அசையவில்லை. "இந்த முறை நானும் வருகிறேன். அதற்கு ஒப்புக்கொள். பிறகு கட்டுகிறேன்."

குரங்கு கிளையில் புரண்டு சிரித்தது. "நீ வந்து என்ன செய்யப் போகிறாய்? தென்னை ஏறுவாயா?"

"முதுகில் ஒன்றும் இல்லாமல் மணலில் ஓடுவேன்."

"ஓட இங்கே இடமா இல்லை?" என்றது கரடி.

"இங்கே என் முதுகு வெறுமையாக இருந்து நீ என்றைக்காவது பார்த்திருக்கிறாயா?"

கரடி தலையைச் சொறிந்துகொண்டது. நரி மட்டும் குழைந்து பேசியது. "கோபப்படாதே, அண்ணே! உன்னை விட்டுவிட்டா போவோம்?"

"நாலு கோடையாக இதே பேச்சைக் கேட்டாயிற்று. ஓலையில் எழுது. கழுதை என்று எழுதாதே. என் பெயரை எழுது!"

அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. முன்பு ஒருமுறை தெப்பம் கவிழ்ந்தபோது, மூழ்கியது யார், எது என்று சொல்ல ஒருவரும் இல்லை. அன்றிலிருந்து தெப்பம் ஓட்டும் ஆமை, கரையில் நிற்பவர்களைச் சாட்சி வைத்து, பயண ஓலையை உரக்கப் படித்த பிறகுதான் கயிற்றை அவிழ்க்கும். ஓலையில் இருப்பதெல்லாம் தெப்பத்தில் ஏறியாக வேண்டும். படித்த ஓலையைத் திருத்தவும் கூடாது.

நரி உடனே எழுதியது. எழுதிய இடத்தைக் காட்டியது.

வீரணன். அதே எழுத்துகள்தான். தன் பெயரைக் கழுதை முதன்முறையாக எழுத்தில் பார்த்தது. அதிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. அதற்கு மேலே என்ன இருக்கிறது, கீழே என்ன இருக்கிறது என்று பார்க்கத் தோன்றவில்லை.

அன்று அது கட்டிய பொதியைப்போல் ஒரு பொதியை அந்தக் காடு கண்டதில்லை. கனமான துடுப்புகள் அடியில். மலை ஏறும் கயிறுகள் முடிச்சு விழாமல் சுருளாக. நீந்துவதற்கான சுரைக்குடுக்கைகள் இரண்டு பக்கமும் சமமாக. வெயிலுக்குப் பூசும் தேங்காய் எண்ணெய் சிந்தாமல் வைக்கோலுக்குள். கரை இறங்கியதும் வேண்டிய தொப்பிகள் எல்லாவற்றுக்கும் மேலே. அவற்றோடு, காதுக்கு இரண்டு ஓட்டை போட்ட ஓலைத் தொப்பி ஒன்று. அது தனக்காக.

காலையில் வழிநெடுகப் பொதி சுமக்கும் மாடுகளையும் எருமைகளையும் கூப்பிட்டது. "கரைக்கு வாருங்கள்! இன்றைக்கு என் பெயரைப் படிக்கப் போகிறார்கள்!"

"நம்மில் ஒருவன் பெயரையா? மெய்யாகவா?" என்று கிழ எருமை கேட்டது.

"என் கண்ணால் பார்த்தேன், பெரியப்பா!"

அவை கூட்டமாக வந்து கரையில் நின்றன. ஆமை ஓலையை விரித்தது.

"பயணம் போகிறவர்கள்: நரியார், குரங்கார், கரடியார். ஆக மூவர்."

வீரணன் காதைத் தூக்கிக்கொண்டு நின்றது. ஆமை மூச்சு வாங்கிக்கொண்டு மேலே படித்தது.

"கொண்டுபோகும் சாமான்கள்: துடுப்பு மூன்று. கயிறு இரண்டு. சுரைக்குடுக்கை ஆறு. பாய் மூன்று. மலைமேல் சுமை தூக்க, வீரணன், ஒன்று."

குரங்கு கைதட்டியது. வீரணன் நரியைப் பார்த்தது.

"ஏன் முறைக்கிறாய்?" என்றது நரி. "தீவு கேட்டாய், கூட்டிப் போகிறேன். பெயர் கேட்டாய், எழுதினேன். கழுதை என்று ஒரு எழுத்து எழுதினேனா? ஏறு!"

 தானே கூட்டி வந்த கூட்டத்தின் பக்கம் திரும்ப வீரணனுக்குத் துணிவில்லை. பின்னால் யாரும் சிரிக்கவில்லை. கிழ எருமை முன்னால் வந்து, தண்ணீருக்குள் கால் வைத்து நின்றது.

"ஆமையாரே, கடைசி வரி எங்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை. இன்னொரு முறை படியுங்கள்."

"வெயில் ஏறுகிறது! படித்தது போதும்!" என்று நரி கத்தியது.

"சாட்சி கேட்டால் படித்தாக வேண்டும்" என்றது ஆமை.

கரையில் நின்ற அத்தனை மாடுகளும் எருமைகளும் கேட்க, ஆமை ஓலையைத் தூக்கிப் பிடித்து, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் படித்தது: "கொண்டுபோகும் சாமான்கள். மலைமேல் சுமை தூக்க. வீரணன். ஒன்று."

உன் பெயரை எழுதிவிட்டார்கள் என்று மகிழ்ந்துபோகாதே. எந்த வரிசையில் எழுதினார்கள் என்று முதலில் பார்.